சனிக்கிழமைக் கிண்ணி

உத்திரமேரூர்
9 ஜனவரி 2025

கர்த்தருக்குள் அன்பான ஷீபாவுக்கு அண்ணி பரிமளா எழுதுவது. தோத்திரம். அத்தை, உன் அண்ணன், நான் மூவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ புனே போய்ச் சேர்ந்ததை உன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அத்தை நடுவில் நின்றுகொண்டு யார் செத்தது என்று கேட்கிறார். போன வாரம் நீ "அம்மாவுக்கு மூளை சுருங்கிக்கினே வருது அண்ணி" என்று ஸ்பீக்கரில் சொன்னதை அவரும் கேட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்கத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இனி நம் சண்டை எழுத்தில்தான். நான் வேலை செய்யும் மருந்துக் கடை விலாசத்துக்கே எழுது. காவாந்தண்டலம் வீட்டுக்கு அனுப்பினால் பகலில் அத்தைதான் தபாலை வாங்குவார். வாங்கி வெந்நீர் அடுப்பில் செருகிவிடுவார்.

கிறிஸ்துமசுக்கு வந்தாய். புது வருஷ ஆராதனை வரை இருப்பேன் என்றாய். இருபத்தாறாம் தேதி காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். கேட்டால் டியூட்டி. சரி, போனது போகட்டும். போன கையோடு நான்கு அட்டைப் பெட்டி எதற்கு அனுப்பினாய்? அக்ரூட், ஆளி விதை, ஓட்ஸ், தலைகாணி அளவுக்குக் கண்ணாடி ஜாடிகள், அளவுக் கரண்டி. கூடவே சுவரில் ஒட்டச் சொல்லி ஒரு பெரிய தாள், 'மூளைக்கு நல்லது, மூளைக்கு ஆகாதது' என்று. அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டாயா? அதைப் படித்துவிட்டு "யாருக்கு மூளை இல்லியாம்?" என்று கேட்டார். நான் உன் அண்ணனுக்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அக்ரூட்டை உன் அண்ணன் தின்று தீர்த்துவிட்டார். அவர் மூளையில் ஒரு மாற்றமும் இல்லை.

கோபம் ஆறாத உன் அண்ணி,
பரிமளா


புனே
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு ஷீபாவின் தோத்திரம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணன் பீடியை விட்டாரா? இங்கே நல்ல குளிர். நான் சுகம்.

நீங்கள் கோபப்படுவது தெரிந்ததுதான். ஆனால் டாக்டர் சொன்னதை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார். மாத்திரை கொஞ்சம் தள்ளிப் போடும், மற்றது சாப்பாடு, நடை, தூக்கம், ரத்த அழுத்தம் என்றார். மாத்திரையை உங்கள் கடை பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அதில் என்ன தப்பு? ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். முன்பின் தெரியாதவர்களின் அம்மாக்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தட்டு அனுப்புகிறேன்.

நான் சொல்வதை மட்டும் செய்யுங்கள். வெள்ளைச் சோறு ஒருவேளை போதும். மற்ற வேளைக்குக் கேழ்வரகு, சாமை. தினம் ஏதாவது ஒரு கீரை. பாமாயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செக்கு எண்ணெய். வாரம் இரண்டு முறை மத்தி மீன், குழம்பில் போட்டு, பொரிக்காமல். ஊறுகாய், அப்பளம் கிடையாது. கருவாடு வீட்டுப் படியே ஏறக்கூடாது, அது முழுக்க உப்பு. இன்னொன்று, மூடின டப்பாவில் என்ன இருக்கிறது என்பது மறதிக்காரர்களுக்குத் தெரியாது. எல்லாம் கண்ணாடியில், கண்ணெதிரே இருக்க வேண்டும். எங்கள் முதியோர் பகுதியில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அம்மாவின் அந்தப் பழைய பவுடர் டின், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இருபத்தாறாம் தேதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டியூட்டிதான்.

அம்மாவை மதியம் நடக்கவிடாதீர்கள், வெயில் ஏறுகிறது.

உங்கள்
ஷீபா


உத்திரமேரூர்
4 பிப்ரவரி 2025

ஷீபாவுக்குத் தோத்திரம். முட்டி வலிக்கத்தான் செய்கிறது. உன் அண்ணன் பீடியை விட்டுவிட்டதாக என்னிடம் சொல்கிறார், பீடி என்னிடம் வேறு சொல்கிறது.

உன் முதியோர் பகுதியில் யாராவது சமைக்கிறார்களா? இல்லை அல்லவா. கட்டிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தட்டு போகிறது. இங்கே சமைப்பதே அத்தைதான். நான் காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் வந்து சேர விளக்கு வைத்துவிடுகிறது. ஏப்ரல் மாதம் என்கிறார், செத்துப்போன மாமாவுக்குச் சோறு போட்டாயா என்கிறார். ஆனால் புளியைக் கையில் எடுத்தால் கை தானாக அளவெடுக்கிறது. மிளகாய்த்தூள் பவுடர் டின்னில் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். பேச்சு இந்தப் பக்கம், கை அந்தப் பக்கம். குழம்பு குறை சொல்ல முடியாமல் இருக்கிறது. அந்தக் கையை ஏன் கெடுக்கச் சொல்கிறாய்?

அறையில் ஒரு ஸ்டவ்கூட வைத்துக்கொள்ளாதவள் நீ. பெண்கள் விடுதியில் மெஸ் சாப்பாடு. எனக்குச் சமையலறை கட்டக் கற்றுக்கொடுக்கிறாய்.

இருந்தாலும் பாமாயிலை நிறுத்திவிட்டேன். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை எல்லாம் நடக்கிறது. அவருக்கு அதெல்லாம் புதிதா என்ன, களை எடுக்கப் போன காலத்தில் அதுதானே சாப்பாடு. ஒரே பேஜார் கருவாடுதான். சனிக்கிழமையானால் மொபெட்டில் கருவாட்டுக்காரர் மணி அடித்துக்கொண்டு வருவார். அத்தை மடியிலிருந்து காசை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். நெத்திலியும் கத்திரிக்காயும் போட்டு ஒரு குழம்பு. அதையாவது சாப்பிடுகிறாரா என்றால் இல்லை. சோற்றையும் குழம்பையும் ஒரு கிண்ணியில் போட்டு மூடி, அடுப்புக்கு வலப்பக்கம் சுவரில் இருக்கும் மாடத்தில், தீப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். யார் தொட்டாலும் சண்டை. திங்கட்கிழமை நான் பார்க்கிறபோது ஊசிப்போய் எறும்பு மொய்க்கிறது. அந்த நாற்றத்தை உன் ஆளி விதை போக்குமா?

போன முறை நான் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் எழுதினாய். அந்தப் பதிலை நான் நம்பவில்லை.

பரிமளா


புனே
15 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு, சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

சாப்பாட்டை ஒளித்து வைப்பது இந்த நோயில் சகஜம் அண்ணி. என் கண்ணால் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், தலையணைக்கு அடியில் சப்பாத்தி, சேலைக்குள் வாழைப்பழம். கோபப்படாமல், ஒளிக்கிற இடத்தை இல்லாமல் செய்துவிட வேண்டும். கெட்டுப்போனதை அம்மா எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

இத்துடன் ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். அண்ணன் கொத்தனார்தானே, ஊருக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டுகிறார், சொந்த வீட்டுக்கு ஒட்டட்டும். அந்த மாடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ். கீழே மேடை. மேடையில் கண்ணாடி ஜாடிகள், நான் எண் போட்டிருக்கும் வரிசைப்படி. கேழ்வரகு அடிக்கடி எடுப்பது, அதனால் அடுப்புக்குப் பக்கத்தில். கடுகு, மிளகாய் போன்றவை தள்ளி. கருப்பாகிப்போன அந்த அலுமினியச் சட்டியை வெளியே போடுங்கள்.

நான் அங்கே இல்லை என்பதற்காக எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். இதைச் செய்தால்தான் எனக்கு இரவில் கண் மூடும்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஜெபிக்கிறேன் என்று சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

ஷீபா


காவாந்தண்டலம்
9 மார்ச் 2025

அன்புத் தங்கை ஷீபாவுக்கு அண்ணன் வசந்த்குமார் ஆசியுடன் எழுதுவது. நலம்.

உன் படத்தில் இருந்தபடி வேலை முடிந்தது. மாடத்தை அடைத்து வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டேன், எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சமம். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் வந்து பார்த்துவிட்டு "இன்னா நைனா, ஆஸ்பத்திரி கணக்கா கீது" என்றாள். அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வேறு யார் வீட்டுக்கோ வருவது போல உள்ளே வந்தது. நம் வீட்டில் அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அண்ணிக்குக் கோபம். எனக்கு வேலை இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
வசந்த்குமார்


உத்திரமேரூர்
26 மார்ச் 2025

ஷீபா,

தோத்திரம் எழுத மனம் வரவில்லை. நலமா என்று கேட்கவும் வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன், படி.

டைல்ஸ் ஒட்டிய அடுத்த சனிக்கிழமை, அரைநாள் வேலை முடித்து வந்து பார்க்கிறேன். அத்தை கையில் மூடிய கிண்ணியோடு சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். மேலே, கீழே, பக்கவாட்டில். எவ்வளவு நேரமாகத் தடவினாரோ, டைல்ஸ் முழுக்கக் குழம்புக் கை. "இங்க பொற ஒண்ணு இருந்ததேடி, எவன் அடைச்சான்? இது யாரு வூடு?" என்று கேட்டார். நான் கிண்ணியை வாங்கப் போனேன். பளார் என்று அறைந்துவிட்டார். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஏய் என்று அதட்டியது கிடையாது. அறைந்துவிட்டு, "பஸ்ஸு வந்துடும், பஸ்ஸு வந்துடும்" என்று ஒரே அழுகை. எந்த பஸ் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை, தெருமுனையிலேயே கருகல் வாசம். கடுகு இருந்த இடத்தில் உன் கேழ்வரகு. கடுகு என்று கை அதைத்தான் அள்ளியிருக்கிறது. எண்ணெயில் போட்டுவிட்டு வெடிக்கும் வெடிக்கும் என்று காத்திருந்திருக்கிறார். நாற்பது வருஷமாக அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வெங்காயம் போடுவது. சத்தம் வரவில்லை, தீதான் வந்தது. சிட்டம்மாள் ஈரச்சாக்கைப் போட்டு அணைத்திருக்கிறாள். அத்தைக்கு முழங்கைக்குக் கீழே முழுக்கக் கொப்புளம். மருந்து போட்டுக் கட்டியிருக்கிறேன்.

இப்போது அவர் சமையலறைக்குள் போவதே இல்லை. கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொள்கிறார். கூப்பிட்டால், "அவங்க வூட்டம்மா வரட்டும்" என்கிறார். நான் விடியற்காலையில் எழுந்து உன் படத்தில் உள்ளபடி மூளைக்கு நல்லதைச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறேன். தட்டைத் தொடுவதில்லை. இளைத்துவிட்டார்.

டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போ.

பரிமளா


புனே
6 ஏப்ரல் 2025

அண்ணிக்கு,

அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் உடனே எழுதுங்கள்.

மற்றதற்கு நானும் பதில் சொல்லத்தான் வேண்டும். மறதி நோய் உள்ளவரை எரிகிற அடுப்போடு தனியாக விட்டுவிட்டுப் போனது நானா? ஜாடி மாற்றினால் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். நான் படம்தான் வரைய முடியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேறென்ன செய்வது? உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே நான் அனுப்புவது எதுவும் பிடிக்காது. நான் அனுப்பிய சேலையைக்கூடச் சிட்டம்மாளுக்குக் கொடுத்தீர்கள்.

சமையலறையை மறுபடி மாற்றாதீர்கள். அம்மா இன்னும் குழம்பிப்போவாள்.

ஷீபா


உத்திரமேரூர்
22 ஏப்ரல் 2025

ஷீபாவுக்கு,

கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கும். ஈஸ்டருக்கும் நீ வரவில்லை.

நான் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம், போனேன். கூடவே இருக்க எனக்கு யார் லீவு கொடுப்பது, நீயா? அந்த ஒரு வரியை நான் மறக்க மாட்டேன். உனக்குச் சொல்லிவிட்டேன், வைத்துக்கொள். அந்தச் சேலை சாயம் போனது.

இப்போது கேள். பெரிய வெள்ளியன்று சபையிலிருந்து திரும்பும்போது சிட்டம்மாளிடம் அந்தக் கிண்ணியைப் பற்றிப் புலம்பினேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "உனக்குத் தெரியாதா பரிமளா? நீ அப்புறமா வாக்கப்பட்டு வந்தவ. அது ஷீபாவுக்கு வைக்கிற சோறு. அந்தப் பொண்ணு காஞ்சிவரத்துல ஆஸ்டல்ல தங்கிப் படிச்சிக்கினு இருந்துச்சி. சனிக்கெயமதான் பஸ்ஸுல வூட்டுக்கு வரும். உன் மாமியா மார்த்தாக்கா கயனில களை எடுத்துக்கினு இருக்கும், வூட்டுக்கு வந்தா அசந்து தூங்கிடும். அதான் பொறையில வச்சிட்டுப் போறது. பொண்ணு வந்து துன்னுட்டு, கிண்ணிய கயுவி கவுத்து வச்சிட்டு வெளையாடப் போய்டும். கிண்ணி கவுந்து கீதா, பொண்ணு வந்துடுச்சின்னு அர்த்தம்" என்றாள்.

உனக்கு இது தெரியும். தின்றது நீ. 'மாடம்', 'சனிக்கிழமை', 'நெத்திலி' என்று மூன்றையும் நான் எழுதி அனுப்பினேன். நீ செங்கல் வைத்து அடைக்கச் சொன்னாய். அத்தைக்கு டாக்டர் மறதி என்று பேர் வைத்தார், உன்னுடையதற்கு என்ன பேர்? இதற்கு எந்த விதையை ஊறவைத்துத் தின்பது?

கடைசியாகக் கேட்கிறேன். இருபத்தாறாம் தேதி காலையில் என்ன நடந்தது?

பரிமளா


உத்திரமேரூர்
3 ஜூன் 2025

ஷீபாவுக்கு,

பதில் இல்லை. பெட்டியும் வரவில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று ஒரு வரி போடு. சண்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பரிமளா


புனே
27 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் அலைந்தேன். எழுத உட்கார்ந்தால் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாமல் மூடி வைத்துவிடுவேன்.

அன்று காலையில் நீங்கள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தீர்கள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதையாக, "சிஸ்டர் எந்த ஊரு சபையில இருந்து வந்துகிறீங்க? ராவுல கொசு கடிச்சிச்சா? எங்க வூட்ல எல்லாம் உங்களுக்கு வசதிப்படாது" என்று கேட்டாள். நான் சிரித்தேன், விளையாடுகிறாள் என்று. "அம்மா, நான் ஷீபா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு பேரும் ஷீபாதான். ஆஸ்டல்ல கீறா, சனிக்கெயம வருவா" என்றாள்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பையை எடுத்தேன். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் உண்மையாகிவிடும் என்று இருந்தது. உங்களைத் தெரிகிறது, அண்ணனைத் தெரிகிறது, சிட்டம்மாளைக்கூடத் தெரிகிறது. பெற்ற பெண்ணை மட்டும் தெரியவில்லை. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம், தினம் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து என் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று. அம்மா மேல் ஆத்திரம். அதை எல்லாம்தான் பெட்டியில் கட்டி அனுப்பினேன். சாப்பாட்டைச் சரிசெய்தால் நான் திரும்ப வருவேன் என்று, அவள் தலைக்குள்.

மாடம் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு உறைக்கவில்லை அண்ணி. ஆஸ்பத்திரிக் கண்ணால்தான் படித்தேன், எறும்பு, ஊசிப்போனது, ஒளித்தல் என்று. சத்தியமாக உறைக்கவில்லை.

நான் வருவதில் என்ன இருக்கிறது? எழுதுங்கள் என்று கேட்க உரிமை இல்லை. எழுதுங்கள்.

ஷீபா


உத்திரமேரூர்
31 ஜூலை 2025

ஷீபாவுக்கு அண்ணி எழுதுவது. தோத்திரம். எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். இருமல் மருந்து கேட்டு வந்தவருக்கு வேறு எதையோ எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். முதலாளி திட்டினார். அதற்கும் சேர்த்து உன்னைத் திட்டுகிறேன்.

இதற்கா ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாய்? அன்றைக்கே என்னிடம் வந்து சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, ஒன்றாகக் களி கிண்டித் தின்றிருப்போம். அத்தை எனக்கு என்ன கிரீடமா வைத்திருக்கிறார்? வாரத்தில் பாதி நாள் என்னைச் சிட்டம்மாளின் மருமகள் என்று நினைக்கிறார். நான் என் பேரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். பேரைச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கவில்லை. உன் மேல் பரிதாபம் வருகிறது, அதனால் கோபம் கூடத்தான் செய்கிறது.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்தார். உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு போய், தான் ஒட்டிய டைல்ஸைத் தானே உடைத்தார். செங்கல்லை உருவினார். மாடம் அப்படியே இருந்தது, உள்ளே பழைய தீப்பெட்டிகூட இருந்தது. நான் பரணிலிருந்து பவுடர் டின், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் இறக்கிப் பழைய வரிசையில் வைத்தேன். ஆமாம், நான் வெளியே போடவில்லை. உன் பேச்சை நான் எப்போது முழுசாகக் கேட்டிருக்கிறேன்?

அத்தை உள்ளே வர ஒன்பது நாள் ஆனது. வாசற்படியில் நின்று பார்ப்பார், போய்விடுவார். பத்தாம் நாள் வந்து நேரே கையை நீட்டிக் கடுகை எடுத்தார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வெடிக்கிற சத்தம் கேட்டதும், "நீ யாருடி, வெங்காயம் அரிஞ்சியா?" என்றார்.

நான் இல்லாதபோது கேஸ் சிலிண்டரை மூடிச் சாவி போட்டு வைத்துவிடுகிறேன். சனிக்கிழமை நான் வந்த பிறகுதான் கருவாடு. இரண்டு முறை வெந்நீரில் அலசி, உப்பை எடுத்துவிட்டுப் போடுகிறோம். அது உனக்காக நான் விட்டுக்கொடுத்தது. கீரையும் கேழ்வரகும் நடக்கிறது. உன் தாளைக் கிழித்துவிட்டேன்.

கிண்ணி மாடத்தில் இருக்கிறது. வாராவாரம் ஊசிப்போகிறது. வாராவாரம் நான்தான் கொட்டுகிறேன். எனக்குக் கை வலிக்கிறது, வந்து தின்றுவிட்டுப் போ.

பரிமளா


புனே
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு ஷீபாவின் தோத்திரம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார்ந்தே எழுத ஆரம்பித்தேன், கிழித்துவிட்டேன்.

நீங்களும் கூடவே இருந்தீர்கள். ஆனால் பாதி நேரம் உங்களைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் நான் கண்டதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை நான் வந்ததும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள். நான் டீச்சராகவே இருந்தேன். பேரைக் கேட்டாள், சொன்னேன், தலையை ஆட்டினாள். சனிக்கிழமை குழம்பு கொதிக்கிற வாசனைக்கு எனக்குப் பத்து வயதுப் பசி வந்துவிட்டது. அவள் கிண்ணியை நிரப்பி மூடினாள். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இது எம் பொண்ணுக்கு. நீங்க பரிமளாகிட்ட போட்டுக்குனு துன்னுங்க" என்று சொல்லி, என் கண்ணெதிரே மாடத்தில் வைத்தாள். எனக்குக் கத்தத் தோன்றியது. நான்தான் அது, என்னைப் பார், என்று. நீங்கள் பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தீர்கள், நல்லவேளை.

மதியம் அவள் படுத்துத் தூங்கினாள். நீங்கள் துணி எடுக்கக் கொல்லைக்குப் போனீர்கள். நான் மாடத்திலிருந்து கிண்ணியை எடுத்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பிசைந்து தின்றேன். உப்பு குறைவாகத்தான் இருந்தது. அதைச் சரிக்கட்ட எனக்குக் கண்ணீர் இருந்தது. கிண்ணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லிக் கிளம்பினேன். விழித்தால் மறுபடி டீச்சர் என்பாள். அதைத் தாங்க அன்றைக்கு எனக்குப் பலம் இல்லை.

நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள்.

ஷீபா


உத்திரமேரூர்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷீபாவுக்கு அண்ணி பரிமளாவின் தோத்திரம். இங்கே ஒருவருக்கு மட்டும் சுகமில்லை, அது நான். முட்டி. மற்றவர்கள் நலம்.

கோபப்படத்தான் போகிறேன். நீ போன பிறகு நடந்தது தெரியாமல் நீ புனேயில் உட்கார்ந்துகொண்டு அழுவதை நினைத்தால் எனக்கு எரிகிறது.

நீ தெரு தாண்டியிருப்பாய். அத்தை எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார். வழக்கம்போல மாடத்தைப் பார்த்தார். கிண்ணி கவிழ்ந்து இருந்தது. எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவினார். ஈரம் இருந்தது. முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வெகு நாளாயிற்று.

"பரிமளா, பாப்பா வந்துட்டுப் போய்கீதுடி" என்றார். "துன்னுட்டு, கயுவி வச்சிட்டுப் போய்கீது. என்னை எயுப்பியிருக்கலாம் இல்ல? பெத்தவ ஒருத்தி இங்க படுத்துக்கினு கீறாளேன்னு தோணுச்சா? வரட்டும், எங்க வெளையாடினாலும் பொயுது சாஞ்சா வந்துதான ஆவணும்" என்றார். டீச்சர் எங்கே என்று கேட்கவே இல்லை.

சாயங்காலம் முழுக்கத் தெருவாசலில் நின்று உன்னைத் திட்டினார். பேரைச் சொல்லி, ஷீபா, ஷீபா என்று. திமிர் பிடித்தவள், ஆஸ்டலில் போட்டுக் கெட்டுவிட்டது, சோறு மட்டும் வேண்டும், ஆத்தா வேண்டாம் என்று. சிட்டம்மாள் வந்து கேட்டதற்கு அவளிடமும் சொல்லித் திட்டினார். எனக்கு வெகுநாள் ஆசை, நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேரும் உன்னைத் திட்டிக்கொண்டே கீரை ஆய்ந்து முடித்தோம். ராத்திரி ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார்.

அதனால் சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது தின்றுவிட்டு ஓடாதே. கிண்ணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார். டீச்சர் என்றால் டீச்சராக இரு, சிஸ்டர் என்றால் சிஸ்டராக இரு, அது ஒரு பெரிய வேலை இல்லை, நான் தினம் செய்கிறேன். இந்தச் சனிக்கிழமையும் கிண்ணியை வைத்துவிட்டு, "எயுப்பாம போனா பாரு" என்றார். இன்னும் அத்தை உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறார். அது மறந்துபோவதற்குள் வந்து திட்டு வாங்கிக்கொள்.

உன் அண்ணி
பரிமளா